ஏரிக்கரையில் தவளை, பாம்பு தேடிப் பதிவுசெய்வது: எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஆரணிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். படித்தது வணிகவியல், பார்ப்பது கடைக் கணக்கு வேலை. சிறு வயதிலிருந்தே தவளை, ஓணான், பாம்பு மேல் ஆர்வம். இரவில் ஏரிப் பக்கம் போய் இவற்றைத் தேடிப் படமெடுத்துப் பதிவுசெய்ய ஆசைப்படுகிறார். விலங்கியல் படிக்காதவர் எடுக்கும் பதிவுக்கு மதிப்பு உண்டா, என்ன வாங்க வேண்டும், சட்டத்தில் சிக்கல் வருமா, பாம்பு பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: வேண்டாம். பாம்பு பிடிப்பதற்கும் பாம்பைப் பதிவுசெய்வதற்கும் சம்பந்தமே இல்லை. இணையத்தில் கொக்கியும் கையுமாக நிற்கும் ஆட்களைப் பார்த்துத்தான் பலருக்கு இந்தக் குழப்பம் வருகிறது. ஒரு பாம்பை இரண்டு மீட்டர் தள்ளி நின்று, அது தன் பாட்டுக்குப் போகும்போது எடுத்த படமும், எந்த நேரம், எந்த இடம், என்ன செய்துகொண்டிருந்தது என்ற நான்கு வரிக் குறிப்பும் ஆய்வாளருக்குப் பயன்படும். கையில் தூக்கிப் பிடித்த படத்தில் அந்தப் பாம்பின் இயல்பான நடத்தை எதுவுமே மிஞ்சாது.

மதிப்பு உண்டா என்பதற்கு உங்கள் ஊரையே சாட்சிக்கு அழைக்கலாம். சுருட்டை விரியனுக்கு 1801இல் அறிவியல் பெயர் வைத்தபோது, அது கிடைத்த இடமாகப் பதிவானது ஆரணி. அந்தப் பெயருக்கு ஆதாரமாக இருந்தவை பேட்ரிக் ரஸ்ஸல் வெளியிட்ட படமும் குறிப்பும். ரஸ்ஸல் தொழிலால் மருத்துவர். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள் பாம்புக்கடியில் சாவதைப் பார்த்துத்தான் எது விஷமுள்ளது, எது இல்லாதது என்று பிரித்தறிய முனைந்தார். சோழமண்டலக் கரைப் பாம்புகள் பற்றிய அவருடைய நூல் 1796இல் வந்தது. உள்ளூர்க்காரர்கள் சொன்ன பெயர்களையும் அதில் எழுதிவைத்தார். கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. அவருக்குப் பின்னால் வந்த ஜெர்டனும் மருத்துவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் கேடயவால் பாம்புகளில் பலவற்றை விவரித்த பெடோம், பட்டாளத்திலிருந்து வனத்துறைக்கு வந்தவர். தென்னிந்திய ஊர்வன பற்றிய அடிப்படை அறிவில் பெரும்பங்கு, வேறு வேலை பார்த்துக்கொண்டே செய்தவர்கள் கொடுத்தது.

பழைய கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2020 ஊரடங்கில் இமாச்சலப் பிரதேசத்தின் சம்பா மாவட்டத்தில் ஒரு மாணவர், வீட்டைச் சுற்றித் திரிந்த பாம்புகளைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். அதில் ஒன்று வித்தியாசமாகத் தெரிகிறதே என்று ஊர்வன ஆய்வாளர் ஜீஷான் மிர்சாவின் கண்ணில் பட, 2021 டிசம்பரில் அது ஒலிகோடான் சுராஹென்சிஸ் என்ற புதிய இனமாக வெளியானது. கர்நாடகத்தின் மணிப்பாலில் செம்புறைப் பாறை நிலத்தில் சுவர்க்கோழி மாதிரிக் கத்திக்கொண்டிருந்த ஒரு குட்டித் தவளையைக் கவனித்தவர் ஒரு பறவை ஆர்வலர். ஒன்றரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் அந்தத் தவளைக்கு 2016இல் மைக்ரோஹைலா லேட்டரைட் என்று பெயர் வந்தது. பெங்களூரின் புறநகரில் கிடைத்த வளை தோண்டும் தவளை ஒன்று 2020இல் ஊர்ப் பெயரையே தாங்கிப் புதிய இனமானது. மூன்றுமே அடர்காட்டுக்குள் கிடைத்தவை அல்ல.

இதைச் சொன்னதும் புது இனம் தேடி ஓடத் தோன்றும். அப்படி ஓடாதீர்கள். நான் உங்களுக்குச் சொல்ல வந்தது ஒன்றுதான்: வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஓர் ஏரியையோ குளத்தையோ தேர்ந்தெடுத்து, அதே இடத்துக்கு ஆண்டு முழுக்கத் திரும்பத் திரும்பப் போங்கள். ஆனைமலைக்கும் கர்நாடகத்தின் அகும்பே மழைக்காட்டுக்கும் போய்ப் படமெடுத்துவர ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆரணி, போளூர், செய்யாறு பக்கத்து ஏரிகளில் எந்தத் தவளை எந்த வாரம் கத்தத் தொடங்குகிறது என்று எழுதிவைக்கத்தான் ஆள் இல்லை. சமவெளிக் கழனிகளும் புதர்க்காடுகளும் வீட்டுமனையாக மாறிக்கொண்டிருக்கும் காலத்தில், நேற்று இங்கே என்ன இருந்தது என்று சொல்ல அந்த நோட்டுப் புத்தகம் ஒன்றுதான் மிஞ்சும்.

தொடங்கத் தவளைதான் சரியான உயிர். பாம்பைத் தேடிப் போனால் பல இரவு வெறுங்கையோடு திரும்புவீர்கள். முதல் பெருமழை இரவில் தவளைகள் தாமாகவே ஊரைக் கூப்பிடும். நுணலும் தன் வாயால் கெடும் என்று நம் முன்னோர் சொன்னது வெறும் உவமை இல்லை. கத்துவது ஆண் தவளை. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு குரல். காதைப் பழக்கிவிட்டால் டார்ச் அடிக்காமலே பாதித் தவளைகளைப் பிரித்துவிடலாம். இந்தியக் காளைத்தவளையின் ஆண் அந்தச் சில நாட்களுக்கு எலுமிச்சை மஞ்சள் நிறமாகிவிடும். கத்தும்போது தாடைக்கு இரண்டு பக்கமும் நீல நிறப் பைகள் உப்பும். குறுவாய்த் தவளைகள் விரல் நகம் அளவுதான் இருக்கும், ஆனால் ஒரு வயல் முழுக்கக் கேட்கும்படி கத்தும். பலூன் தவளை மண்ணுக்குள்ளேயே மாதக்கணக்கில் கிடந்து, பெருமழைக்கு அடுத்த சில இரவுகள் மட்டும் வெளியே வந்து, இணைசேர்ந்து முட்டையிட்டுவிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடும். அந்த இரவுகளைத் தவறவிட்டால் அடுத்த நல்ல மழைவரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் சொல்கிறேன், வானிலை பார்த்துக் கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கிளம்பாதீர்கள்.

கத்தும் தவளையைக் கண்ணால் பிடிப்பது தனி வித்தை. குரல் இங்கே கேட்பதுபோல் இருக்கும், ஆள் அங்கே இருக்கும். இரண்டு பேர் போனால் சுலபம்: பத்தடி இடைவெளி விட்டு நின்று, குரல் வருவதாகத் தோன்றும் திசையில் ஆளுக்கொரு டார்ச் அடியுங்கள். இரண்டு வெளிச்சமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தவளை இருக்கும். டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்தால் தவளையின் கண் மினுங்குவது தெரியும். இந்தக் காரணத்துக்காகவே தலையில் மாட்டும் டார்ச் ஒன்று வாங்குங்கள். கையும் சும்மா இருக்கும். கேமரா இப்போதைக்கு வேண்டாம், மொபைல் போதும். குரலைப் பதிவுசெய்யவும் அதே மொபைல்தான். அரை நிமிடமாவது அசையாமல் நின்று பதிவுசெய்யுங்கள், நடுவில் பேசாதீர்கள். தேதியும் இடமும் உள்ள ஒரு சுத்தமான குரல் பதிவு, அழகான படத்தைவிடப் பல நேரம் பயனுள்ளது. ஒரே மாதிரி தெரியும் வயல் தவளைகளைப் படத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது நிபுணர்களுக்கே கஷ்டம்.

கத்தல் ஓய்ந்த மறுநாள் காலையிலும் போங்கள். தண்ணீரில் நூல்மணி மாலை மாதிரி நீண்டு கிடந்தால் தேரையின் முட்டை. தண்ணீருக்கு மேலே செடியிலோ தொட்டிச் சுவரிலோ வெள்ளை நுரை ஒட்டியிருந்தால் மரத்தவளையின் கூடு. குளியலறைக்குள் வந்து சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதே தவளைதான். முட்டையும் தலைப்பிரட்டையும் இருக்கிறது என்றால் அந்தக் குட்டை இனப்பெருக்க இடம். அதை மூடி மனை போடும் பேச்சு வரும்போது இந்தக் குறிப்பின் கனம் தெரியும்.

படமெடுப்பதில் அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தவளைக்கு மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். பக்கவாட்டுப் படத்தில் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் செவிப்பறை தெரிய வேண்டும். பின்னங்கால் விரல்களுக்கு நடுவே சவ்வு எவ்வளவு தூரம் வருகிறது என்பது தெரிந்தால் இன்னும் நல்லது. பாம்புக்குத் தலையின் பக்கவாட்டும், முழு உடலும், நடு உடம்பின் செதில்களும் வேண்டும். ஓணான், அரணை, பல்லிக்கு விரல்களும் தொண்டையும். எல்லாக் கோணமும் கிடைக்கவில்லையா, கிடைத்ததோடு விட்டுவிடுங்கள். ஒரு கோணத்துக்காக அதைத் துரத்துவது அதற்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை.

அடையாளம் காண்பதில் ஒரே ஒரு ஜோடியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் உயிர் போகிறது. கொடிய விஷமுள்ள கட்டு விரியனும் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனும் இருட்டில் ஒன்றுபோலத் தெரியும். இரண்டிலும் கருத்த உடம்பில் வெள்ளைப் பட்டைகள். கட்டு விரியனின் பட்டைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். கழுத்துப் பக்கம் மங்கியோ இல்லாமலோ போய், வால் பக்கம் போகப்போகத் தெளிவாகும். வெள்ளிக்கோல் வரையனில் இது தலைகீழ்: கழுத்தருகே பட்டை அகலமாக, தெளிவாக இருக்கும், வால் பக்கம் கரைந்துவிடும். கட்டு விரியனின் முதுகு நடுவில் ஓடும் ஒரு வரிசைச் செதில் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். சொரசொரப்பான சுவரில் சரசரவென்று ஏறுவது பெரும்பாலும் வெள்ளிக்கோல் வரையன். ஆனால் இதெல்லாம் படத்தை வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது பயன்படுத்த வேண்டிய அறிவு. ஏரிக்கரையில் நிற்கும்போது பட்டை போட்ட பாம்பு எல்லாமே கட்டு விரியன்தான் என்று எடுத்துக்கொண்டு ஒதுங்குங்கள். கட்டு விரியன் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது, வீக்கமும் இருக்காது. அதனால்தான் தூக்கத்தில் கடிபட்டவர்கள் தாமதமாக மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர், பெரும்பாலும் கிராமத்து மக்கள். ஆகவே கணுக்காலுக்கு மேல் வரும் ஷூ, முழுக் கால்சட்டை, கூட இன்னொருவர், வீட்டில் சொல்லிவிட்டுப் போவது, இதில் எதையும் விடாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அருகில் விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. உங்கள் பக்கம் நாலுமே உண்டு.

பாம்பைவிட நான் அதிகம் பயப்படுவது வேறு இரண்டுக்கு. ஒன்று, கைப்பிடிச் சுவர் இல்லாத கழனிக் கிணறு. தவளைச் சத்தத்தில் மனம் போய்விட்டால் காலடியில் கிணறு இருப்பது தெரியாது. இன்னொன்று, காட்டுப்பன்றிக்குப் போட்ட திருட்டு மின்வேலி. பகலில் ஒருமுறை முழுக்க நடந்து பார்க்காத பாதையில் இரவில் நடக்கவே கூடாது. அப்புறம், நிலத்துக்காரரிடம் பகலிலேயே சொல்லி வையுங்கள். நடு ராத்திரியில் பம்புசெட் பக்கம் டார்ச் வெளிச்சம் ஆடினால் மோட்டார் ஒயர் திருட வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். தவளையின் படத்தைக் காட்டி விளக்கினால் அவர்களே உங்களுக்குத் தகவல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

சட்டம் பற்றி. பொது இடத்திலோ, அனுமதி வாங்கிய தனியார் நிலத்திலோ தள்ளி நின்று பார்ப்பதற்கும் படமெடுப்பதற்கும் தடை இல்லை. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. ஜவ்வாது மலைப் பக்கம் போக நினைத்தால் இதை முதலில் கவனியுங்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்ட பிறகு நாகம், கண்ணாடி விரியன், சாரை, உடும்பு, நட்சத்திர ஆமை எல்லாம் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்பில் இருக்கின்றன. பிடிப்பது, வீட்டில் வைப்பது, இடம் மாற்றுவது எல்லாம் குற்றம். செத்த பாம்பை எடுத்துவந்து பாட்டிலில் போட்டுவைப்பதும் அப்படித்தான்.

செத்த பாம்பைப் படமெடுப்பதில் தவறில்லை, அவசியம் எடுக்கவும் வேண்டும். மழை பெய்த இரவுக்கு மறுநாள் ஏரியை ஒட்டிய தார்ச்சாலையில் காலை வண்டிகள் ஓடத் தொடங்கும் முன் போய்ப் பாருங்கள், மனசு கனத்துப்போகும். ஆனால் ஒரே சாலையில் ஒரே தூரத்துக்கு, எந்த இடத்தில் எத்தனை நசுங்கிக் கிடந்தன என்று எழுதிவைத்தால், எங்கே குறுக்குக் குழாயோ வேகத்தடையோ வேண்டும் என்று நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்க ஓர் ஆதாரம் கிடைக்கும். செத்த பாம்பின் தலையைத் தொடாதீர்கள். செத்த பிறகும் கொஞ்ச நேரம் அனிச்சையாகக் கடிக்கும்.

நோட்டில் என்ன எழுதுவது? தேதி, கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், மழை பெய்ததா, எங்கிருந்து எங்கே நடந்தீர்கள், யார் யார் வந்தார்கள். பார்த்த ஒவ்வொன்றுக்கும் இடம் (மொபைலின் ஜிபிஎஸ் போதும்), தரையிலா செடியிலா எவ்வளவு உயரத்தில், என்ன செய்துகொண்டிருந்தது. ஒன்றுமே கிடைக்காத இரவையும் அதே ஒழுங்கில் எழுதுங்கள். இதைத்தான் புதியவர்கள் எப்போதும் விட்டுவிடுகிறார்கள். தேடினோம், இல்லை என்பதும் தகவல்தான்; அது இல்லாமல் ஓர் உயிர் குறைகிறதா கூடுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

நோட்டிலிருந்து வெளியே கொண்டுபோக, பார்த்த உயிர்களைப் பதிவேற்றி மற்றவர்களிடம் அடையாளம் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி நல்ல வழி. இந்தியப் பல்லுயிர்த் தளமான இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலும் இருக்கிறது. ஐநேச்சுரலிஸ்டில் படமோ ஒலியோ, தேதி, இடம் மூன்றும் இருந்து, அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அது ஆய்வுக்குத் தகுந்த பதிவாக உயரும். இனம் தெரியாவிட்டால் தவளை என்று மட்டும் போட்டுவிடுங்கள். தப்பான பெயரைவிட அது எவ்வளவோ மேல். செயலி தானாகப் பரிந்துரைக்கும் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். நம் பக்கத்துத் தவளைகளில் அது அடிக்கடி சறுக்கும்.

இடத்தைப் பகிர்வதில் மட்டும் மிகக் கறாராக இருங்கள். தென்சீனத்தில் ஒரு குகைப்பல்லி 1999இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. கட்டுரையில் இடம் இருந்ததால் வளர்ப்புச் சந்தைக்குப் பிடித்து விற்பவர்கள் அங்கே போய், விவரிக்கப்பட்ட இடத்திலேயே அது இல்லாமல் போகும்படி செய்துவிட்டார்கள். நம் ஊரில் நட்சத்திர ஆமையும் மண்ணுளிப் பாம்பும் அதே ஆபத்தில் இருக்கின்றன. இரண்டு தலை, கோடி ரூபாய் என்ற புரளியை நம்பி மண்ணுளியைத் தோண்டி எடுக்கும் கூட்டம் இன்னும் இருக்கிறது. ஐநேச்சுரலிஸ்ட் சில அருகிவரும் இனங்களின் இடத்தைத் தானாகவே இருபது கிலோமீட்டர் அளவுக்கு மங்கலாக்கிவிடும். இந்த இரண்டுக்கும் அது நடந்திருக்கிறதா என்று நீங்களே சரிபார்த்து, இல்லையென்றால் இடத்தை மறைத்துவிடுங்கள். வாட்ஸாப் குழுவில் ஏரிப் பெயரோடு படம் போடாதீர்கள். மொபைல் படத்துக்குள்ளேயே ஜிபிஎஸ் ஒளிந்திருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கல்லைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வையுங்கள். அடியில் இருக்கும் ஈரம்தான் தேளுக்கும் அரணைக்கும் குறுவாய்த் தவளைக்கும் வீடு. கொசு மருந்து, சானிடைசர் தடவிய கையால் தவளையைத் தொடக் கூடாது, அது தோலால் உறிஞ்சிக்கொள்ளும். ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் போகும் முன் ஷூவைத் தேய்த்துக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். கைட்ரிட் என்ற பூஞ்சை நோயால் உலகம் முழுக்க 501 நீர்நில வாழ்வன இனங்கள் சரிந்திருக்கின்றன, அவற்றில் 90 அழிந்தேவிட்டதாகக் கருதப்படுகிறது என்று 2019இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அந்தப் பூஞ்சை ஈரச் சேற்றோடு பயணிக்கும்.

கற்றுக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்: இருளர் பெரியவர்கள். மண்ணில் இழுபட்ட தடத்தைப் பார்த்து என்ன பாம்பு, எந்தப் பக்கம் போனது, வளையில் இப்போது இருக்கிறதா என்று அவர்கள் சொல்வதை எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்க முடியாது. 1978இல் தொடங்கி இன்று வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், வனத்துறை அனுமதியோடு பாம்பு பிடித்து, விஷம் எடுத்துவிட்டுத் திரும்ப விடுகிறது. நம் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்து போகிறது. அந்தச் சங்கத்தின் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். ஒரு பெரியவரோடு நடக்க வாய்ப்புக் கிடைத்தால் அவருடைய அன்றைய கூலியைக் கொடுங்கள், குறிப்பில் அவர் பெயரை அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். உள்ளூர்க்காரர் காட்டியதைத் தான் கண்டுபிடித்ததாக எழுதிக்கொள்ளும் பழக்கம் இந்தத் துறையில் நீண்ட நாளாக இருக்கிறது. நீங்கள் அதைத் தொடர வேண்டாம்.

ஒரு வருடம் கழித்து நோட்டில் ஏதாவது புதிதாகத் தெரிந்தால், உதாரணமாக ஓர் இனம் உங்கள் மாவட்டத்தில் முதல்முறை, அல்லது ஒரு பாம்பு இன்னொன்றை விழுங்கிய காட்சி, அதைச் சிறு குறிப்பாக வெளியிடலாம். கோயம்புத்தூரிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்ஸா என்ற ஆய்விதழ் இப்படிப்பட்ட குறிப்புகளை வெளியிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் என்றால் ஐநேச்சுரலிஸ்டில் உங்கள் தவளைகளுக்குப் பெயர் சொல்லும் ஆய்வாளரிடமே கேளுங்கள், சேர்ந்து எழுதப் பலரும் முன்வருவார்கள். அதற்கு முன்னால் இந்த வாரம் பகலில் ஏரியைச் சுற்றி ஒருமுறை நடந்து, கிணறு எங்கே, மதகு எங்கே, கலங்கல் எங்கே, எந்தப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கும் என்று ஒரு கைப்படம் வரைந்து வையுங்கள். மழை எந்த நாளும் வரலாம்.